‘தகாத வார்த்தை’ என்று எழுதாதீர்கள்: வன்கொடுமைப் புகாருக்குத் துணை போகிறவர்களுக்கு

வடசென்னையில், வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கொருக்குப்பேட்டையிலோ உங்கள் தெருக்காரர் ஒருவரை யாரோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அவர் நேராக வக்கீலிடம் போவதில்லை. அம்பேத்கர் மன்றத்து வாசலுக்கு வருகிறார். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் உங்களைப் பார்த்து, “தம்பி, ஸ்டேஷன் வரைக்கும் கூட வருகிறாயா?” என்று கேட்கிறார். நீங்கள் மன்றத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சட்டம் படித்ததில்லை. போகலாமா?

தயங்காமல் போங்கள். பாதிக்கப்பட்டவர் தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவருடைய உரிமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவே சொல்கிறது. “நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை?” என்று ஸ்டேஷனில் கேட்டால் அதுதான் பதில்.

ஏப்ரல் 14 மாலையணிவிப்பு, டிசம்பர் 6 ஊர்வலம், தெருமுனைக் கூட்டம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். புகார் எழுதுவதை மட்டும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். இந்த ஊரில் நம் முன்னோர் கையில் எடுத்த கருவிகளில் மூத்தது மனுதான். 1893-இல் ஒடுக்கப்பட்டோர் தலைவரான இரட்டைமலை சீனிவாசனும் தோழர்களும் சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். ஆங்கிலேய அரசின் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் மொத்தமும் சாதி இந்துக்களின் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே. எழுதிய வாசகத்தின் வலிமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். பெரம்பூர் பக்கம் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்த ஓர் அக்கா, வெயில் தாங்காமல் ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் சாதிப் பெயரைச் சொல்லி எழுப்பியிருக்கிறார். அவர் எழுந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தப் படியைக் கழுவிவிட்டிருக்கிறார். அன்று அவருக்காகப் புகார் எழுதியவன் நான். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று நினைத்து, “தகாத வார்த்தைகளால் திட்டினார்” என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. வாளித் தண்ணீரை எழுதவே இல்லை. திட்டியதுதான் குற்றம், கழுவியது எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆபாசமாகப் பேசியதற்கான 294(பி) பிரிவில் மட்டும் வழக்குப் பதிவானது. அலைந்து திரிந்து வன்கொடுமைப் பிரிவைச் சேர்க்க வைத்தோம். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்: “சாதியைச் சொன்னார் என்றால் முதல் புகாரில் ஏன் இல்லை?” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கு விடுதலையில் முடிந்தது.

அந்தப் பார்வைக்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேளுங்கள்

வந்தவரை உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் நோட்டை எடுக்காதீர்கள். பேச்சு நடந்த இடத்திலிருந்து தொடங்காது. வண்டி நிறுத்தியதில், குடம் வைத்த வரிசையில், வாடகை பாக்கியில், போன மாதத்துச் சண்டையில் தொடங்கும். குறுக்கே பேசாதீர்கள். நடந்தது என்ன என்பதை அவருடைய வரிசையில் ஒருமுறை முழுக்கக் கேட்ட பிறகுதான் நாள், நேரம், இடம் கேட்க வேண்டும்.

பெண்களில் பலர், “அசிங்கமாகப் பேசினான்” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தச் சொல்லை வாயால் சொல்வது இரண்டாவது முறை அடிபடுவது போல. உங்களோடு ஒரு பெண் தோழர் இருப்பது அவசியம். ஒரு முறை, “சொல்ல வேண்டாம் அம்மா, எழுதிக் காட்டுங்கள்” என்று தாளை நீட்டினோம். அவர் அந்தத் தாளைத் தொடவில்லை. மகளின் ரஃப் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தின் மூலையில், பென்சிலால், கடுகு போல அந்தச் சொல்லை எழுதி, நோட்டைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். அந்த வழக்குக்கு அதுதான் அடித்தளம்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாளைக் காலையில் அதே தெருவில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர் அவர். உங்கள் கோபத்துக்காக அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகாதீர்கள். அவருடைய முகம் தெரியும் வீடியோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

சட்டம் பொருந்துமா?

நம் பகுதியில் எல்லோரும் இதை இன்னும் “பி.சி.ஆர். கேஸ்” என்றுதான் சொல்கிறார்கள். அது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர். நீங்கள் கேட்க வேண்டியது பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், 1989. புகாரின் தலைப்பில் அதன் பெயரை முழுதாக எழுதுங்கள்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். குற்றம் செய்தவர் அந்த இரண்டிலும் சேராதவராக இருக்க வேண்டும். இங்கே வடசென்னைக்கே உரிய ஒரு வேதனை இருக்கிறது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்து ஆதிதிராவிடர், தம்பி கிறிஸ்தவர் என்று இருப்பார்கள். இருவரையும் ஒரே சொல்லால் திட்டுவார்கள். ஆனால் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. தம்பிக்கு இந்தச் சட்டம் கிடைக்காது. பொதுவான தண்டனைச் சட்டப் பிரிவுகளில்தான் போக வேண்டும். இது அநீதி, அதை மாற்றப் போராட வேண்டும். என்றாலும் சாதிச் சான்றிதழைப் பார்க்காமல் அவருக்கு நம்பிக்கை வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய வழக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அது பொதுமக்களின் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். வெளியார் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்த பேச்சு இந்தப் பிரிவில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில் சொன்னது. அடித்தது, வேலையைப் பறித்தது, சுடுகாட்டுப் பாதையை மறித்தது, பெண்ணைத் தொட்டது எல்லாம் வேறு பிரிவுகள்; அவற்றுக்கு இந்த நிபந்தனை இல்லை. “உங்கள் ஆட்களுக்கு வீடு கொடுப்பதில்லை” என்ற வாடகை மறுப்புக்கு 1955 சட்டத்தைப் பாருங்கள். தீண்டாமையின் பேரால் ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பதை அது குற்றம் என்கிறது.

அடிபட்டிருந்தால்

ஸ்டேஷனுக்கு முன் ஆஸ்பத்திரி. ஸ்டான்லியோ கீழ்ப்பாக்கமோ, எது பக்கமோ அங்கே. யார் அடித்தார், எதனால் அடித்தார், என்ன சொல்லி அடித்தார் என்பதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். “கீழே விழுந்துவிட்டேன்” என்று ஒரு வார்த்தை விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு அதை அழிக்க முடியாது.

புகார் எழுதும்போது

இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. ஸ்டேஷன் வாசலில் பைக் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதாதீர்கள். மன்றத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

பாதிக்கப்பட்டவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள். அவர் “படி” என்றால் நீங்கள் “கடையின் நுழைவாயில்” என்று எழுதாதீர்கள். நாளைக்குக் கூண்டில் நின்று பேசப்போகிறவர் அவர். அவர் பேச்சும் புகாரும் ஒன்றாக இருக்க வேண்டும். எதிரி சொன்ன வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள், சாதிப் பெயரோடு, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுங்கள். “தகாத வார்த்தை”, “ஆபாசமாக”, “சாதியைக் குறிப்பிட்டு” என்று எழுதுவதெல்லாம் எதிரிக்குச் செய்கிற உதவி. அந்தச் சொல்லை நான் இங்கே அச்சில் தரவில்லை. புகாரில் அது இருந்தே ஆக வேண்டும்.

அதே கறாரோடு இதையும் சொல்கிறேன்: சொல்லாத சொல்லைச் சேர்க்காதீர்கள். “இதையும் போட்டால் கேஸ் வலுவாகும்” என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். ஒரு பொய்யைக் குறுக்கு விசாரணையில் உடைத்தால் மீதி ஒன்பது உண்மையும் அதோடு சேர்ந்து விழும். அடுத்து வரும் பத்துப் பேரையும் “பொய்க் கேஸ்” என்று சொல்ல அது ஒரு சாக்காகும்.

பேச்சோடு செயலையும் எழுதுங்கள். படியைக் கழுவியது, தனி டம்ளரில் கொடுத்தது, காசைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னது, நாற்காலியை இழுத்துக்கொண்டது. தீண்டாமை பெரும்பாலும் இப்படித்தான், சத்தமே இல்லாமல் நடக்கிறது. சென்னையில் சாதி இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தச் சின்ன அசைவுகளைப் பார்ப்பதில்லை.

அங்கே யார் நின்றார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன், டீ மாஸ்டர். அவர்களிடம் முன்பே பேசி, பெயர் சேர்க்கலாமா என்று கேட்டுவிடுங்கள். கடைகளில் கேமரா இருந்தால் எந்தக் கடை, எந்தப் பக்கம் பார்த்த கேமரா என்று எழுதி, அந்தப் பதிவைக் கைப்பற்றும்படி புகாரிலேயே கேளுங்கள். பழைய பதிவு அழிந்துவிடும் என்பதால் இதில் நாள் கடத்தக் கூடாது.

எதிரியும் இவரும் எத்தனை ஆண்டுகளாகப் பழக்கம் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். “அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது” என்பதுதான் எதிரியின் முதல் பதில். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ அவருக்கு நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் சொல்கிறது. “எட்டு வருடமாக அதே தெருவில் கடை வைத்திருக்கிறார்” என்ற வரி அதற்குத்தான். புகார் கொடுக்க இரண்டு நாள் தாமதமானால் ஏன் என்று உள்ளதை எழுதுங்கள். பயந்திருந்தார் என்றால் பயந்திருந்தார் என்றே எழுதுங்கள்.

முடித்ததும் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ அதன் பிறகுதான். மூன்று பிரதி. சாதிச் சான்றிதழ் நகல் ஒன்றை இணையுங்கள். கையில் இல்லை என்பதற்காகப் புகாரை நிறுத்திவைக்காதீர்கள்.

ஸ்டேஷனில்

இரண்டு பேர் போனால் போதும். இருபது பேர் போய் வாசலில் நின்றால் புகார் பின்னால் போய்விடும், கூட்டம்தான் செய்தியாகும். நம் பகுதிப் பையன்கள் என்றாலே ரவுடிப் பட்டியலைத் தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதற்கு நாமே இடம் கொடுக்க வேண்டாம்.

ஆய்வாளர் இருக்கும் நேரமாகப் போங்கள். பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்தது என்பதற்கான ரசீதுதான். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு திரும்பாதீர்கள். “விசாரித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடுகிறோம்” என்றால், இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்த்த 18-ஏ பிரிவு சொல்வதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பிரிவு செல்லும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. குரலை உயர்த்த வேண்டியதில்லை. பிரிவு எண்ணைத் துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

வாய்மொழியாகச் சொன்னால் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டர் எழுதுவார். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். இரண்டும் விதியில் உள்ளவை. நகலில் 1989 சட்டத்தின் பிரிவு இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி) இப்போது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி). அது மட்டும் இருந்தால் என் பழைய வழக்கின் கதைதான். சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்ததற்கு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய இரண்டும் இருக்க வேண்டும்.

பதிய மறுத்தால் வாசலில் சண்டை போடாதீர்கள். அன்றே துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்டில் புகாரை அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. மாநிலத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கென 2021-இல் அமைந்த ஆணையத்துக்கு ஒன்று. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. இத்தனைக்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று நான்காவது பிரிவு சொல்கிறது. அதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், மனுவில் எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு

வழக்கைப் புலன்விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி. சென்னையில் அது உதவி ஆணையர். எஸ்.ஐ. வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனால், உதவி ஆணையர் எப்போது வருவார் என்று எழுத்தில் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்து அறுபது நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும்.

இந்த அறுபது நாள்தான் கடினமானது. முதல் வாரத்திலேயே எதிர்ப் புகார் வரும்: இவர்தான் கல்லை எறிந்தார், இவர்தான் பணம் கேட்டார். இரண்டாவது வாரம் பெரிய மனிதர்கள் வருவார்கள். கட்சிக்காரர், சங்கத் தலைவர், சில சமயம் நம் ஆட்களே. “ஒரே ஏரியாவில் இருக்கிறோம், எதற்கு வம்பு” என்பார்கள். இது சமரசத்தால் முடித்துக்கொள்ளும் வகைக் குற்றம் அல்ல. ஸ்டேஷனில் எழுதி வாங்கும் தாள் வழக்கை முடித்துவிடாது. இதைப் பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய வீட்டாருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். அவர்களைத் தனியே விடாதீர்கள். தினமும் சாயங்காலம் ஒருவர் வீட்டுப் பக்கம் போய்வந்தால் போதும். பேச வேண்டியதுகூட இல்லை.

துப்புரவுப் பணியாளர் என்றால் வேலையைக் காட்டியும் மிரட்டுவார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு ஒரு புகாரின் விலை என்ன என்பது அந்தப் பெண்களிடம் பேசினால் புரியும். வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தீருதவி

பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் தீருதவித் தொகை தானம் அல்ல, சட்டப்படி வர வேண்டியது. சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்த வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50 சதவீதம், தண்டனை கிடைத்ததும் மீதி 25. எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலப் பிரிவில் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். பணம் எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்லாதீர்கள். அதிலிருந்து பங்கு கேட்பவர் யாராக இருந்தாலும், மன்றத்துக்காரராகவே இருந்தாலும், அன்றோடு அவரை வெளியே அனுப்புங்கள்.

நீதிமன்றம்

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் தரப்பையும் கேட்க வேண்டும். அந்த நாளில் யாராவது போய் நில்லுங்கள். சாட்சிக்குப் போகிறவருக்குப் பயணப்படி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வாய்தா மேல் வாய்தா போகும். ஒவ்வொரு தேதியையும் ஒரே கோப்பில் எழுதிவையுங்கள்: எஃப்.ஐ.ஆர்., தபால் ரசீதுகள், ஆஸ்பத்திரிச் சீட்டு, அந்த ரஃப் நோட்டுப் பக்கம். கோப்பு அவர் வீட்டில் இருக்கட்டும், நகல் மன்றத்தில்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தைய மாலை, புகாரின் நகலை எடுத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் மட்டும் நீங்கள் வாசியுங்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பவராக இருந்தால் குறுக்கே எடுத்துக்கொடுக்காதீர்கள். அந்தச் சொல் வரும் வரியில் அவர் நின்றுவிடுவார். காத்திருங்கள்.